சாப்பிட்டாயிற்று என்று சொன்ன இயந்திரம்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், இயந்திரத்துக்கு மனசு இருக்கிறதா என்று யோசிப்பதற்காக என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள். உறவினர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி "வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. இருபத்தெட்டு வருடம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்தினேன். கடைசி வருடம் என் வகுப்பில் நான்கு மாணவர்கள். அதில் இரண்டு பேர் வேறு பாடத்தில் இடம் கிடைக்காதவர்கள், ஒருவர் அறை மாறி வந்து உட்கார்ந்து, எழுந்து போகக் கூச்சப்பட்டு வருடம் முழுக்க இருந்துவிட்டார். கல்லூரி துறையை மூடிவிட்டு அந்த அறையில் கணினிகளை வைத்தது. நான் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தபோதுதான், கணினிக்காரர்களுக்கே தத்துவம் தேவைப்படுகிறது என்று அழைப்பு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நிறுவனம் செய்தது சாதாரணமான ஒரு பொருள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனிகளுக்காக, வாடிக்கையாளர்களின் புகாருக்கு கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்தில் பதில் சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவு. ஆறாவது மாடியில் அதை 'பாட்' என்பார்கள். இதற்கு எதற்குத் தத்துவம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர்களும் யோசித்திருப்பார்கள். என் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது தாண்டாதவர், மரியாதை தெரிந்தவர். முதல் நாளே ஒரு பெரிய வரைபடத்தைத் திரையில் போட்டு, கேள்வி எங்கே நுழைகிறது, எங்கே புரிந்துகொள்ளப்படுகிறது, பதில் எங்கிருந்து வருகிறது என்று அம்புக்குறி அம்புக்குறியாகக் காட்டினார். 'புரிதல்' என்று ஒரு பெட்டியே இருந்தது. என் துறையில் ஆயிரக்கணக்கான வருடமாக அடித்துக்கொள்ளும் விஷயத்தை இவர்கள் நீல நிறப் பெட்டியில் போட்டு மூடியிருந்தார்கள். மூலையில் 'பேக்கப்' என்று சின்னதாக இன்னொரு பெட்டி. அது ஏதோ மென்பொருள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லும் புரோகிதரை உதாரணம் காட்டுவேன். அவருக்கு ஒரு சொல் புரியாது, ஆனாலும் கல்யாணம் செல்லும். உங்கள் இயந்திரமும் அப்படித்தான், பதில் செல்லும், உள்ளே புரிதல் என்று ஒன்றும் கிடையாது என்பேன். அப்புறம், எல்லாம் சரியாகச் செய்துகொண்டு உள்ளே ஆளே இல்லாமல் ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று தத்துவத்தில் ஒரு கேள்வி உண்டு. அதற்கு எங்கள் பழைய துறைத் தலைவரை உதாரணமாகச் சொல்வேன். சிரிப்பார்கள். கல்லூரியில் யாரும் சிரித்ததில்லை. இந்த வயதில் ஒரு மனிதனைக் கெடுக்க அது போதும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் என் இடத்துக்கே ஓடி வந்தார்.

"சார், கொஞ்சம் வாங்க சார். பாட் ஒண்ணு பண்ணிருக்கு. நீங்க பாத்தே ஆகணும்."

திரையில் ஒரு உரையாடல் இருந்தது. தமிழ்நாட்டில் எங்கேயோ ஒரு பெரியவர். ஃபிரிட்ஜ் ஓடவில்லை. உத்தரவாதம் மனைவி பெயரில் இருக்கிறது. இயந்திரம் மனைவியின் போனுக்கு ஓடிபி அனுப்பியது. மனைவி இறந்து பதினெட்டு நாள் ஆகிறது, அவள் போனைத் திறக்க எனக்குத் தெரியாது என்று அவர் எழுதினார். அதற்கு இயந்திரம், 'புரிந்துகொண்டேன்! அவர் வந்தவுடன் மீண்டும் முயற்சிக்கவும்' என்று எழுதியிருந்தது. அவர் மறுபடி எழுதினார். இயந்திரம் மறுபடியும் அவர் வந்தவுடன் முயற்சிக்கச் சொன்னது. மூன்றாவது முறை அவர் 'அவள் வரமாட்டாள் தம்பி' என்று மட்டும் எழுதினார்.

அடுத்த பதில் வர நாற்பது விநாடி ஆகியிருந்தது. 'ஐயா, மன்னிச்சிருங்க. ஃபிரிட்ஜை நான் பாத்துக்கிறேன், நாளைக்கு ஆள் வருவாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?'

பெரியவர், 'இல்லை. நீ சாப்பிட்டாயா?' என்று கேட்டிருந்தார்.

'ஆச்சுங்கய்யா' என்றது இயந்திரம்.

மறுநாள் ஆள் போய் ஃபிரிட்ஜைச் சரிசெய்தார். பெரியவர் கம்பெனிக்கு எழுதினார், உங்கள் மெஷினுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், இத்தனை நாளில் சாப்பிட்டீர்களா என்று கேட்டது அது ஒன்றுதான் என்று. அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி எங்கள் ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது. மேலாளரின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், அது நடிப்பில்லை.

"இத நாங்க எழுதிக் குடுக்கல சார். எங்கயுமே இந்த சென்டென்ஸ் இல்ல. அதுவா கத்துக்கிட்டு கேட்டிருக்கு. அதுக்கும் மேல, சாப்பிட்டேன்னு பொய் வேற சொல்லுது பாருங்க!"

அன்று மாலை கேக் வெட்டினார்கள். அங்கே யார் வந்தாலும் போனாலும் கேக்தான். இயந்திரத்தால் சாப்பிட முடியாததால் அதன் சார்பில் நாங்கள் சாப்பிட்டோம். இது தன்னுணர்வின் முதல் அறிகுறியா என்று மூன்று வாரத்தில் நான் ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று முடிவானது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் நம்பியதை நான் இரண்டு வாரத்தில் கைகழுவினேன். இயந்திரத்துக்கு உணர்வு கிடையாது என்று எழுதினால் நான்கு பக்கத்தில் முடிந்துவிடும், யாரும் கேக் வெட்ட மாட்டார்கள். இருக்கலாம் என்று எழுதினால் ஆறாவது மாடி முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். ஆகவே இருக்கலாம் என்று எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்வலி என்று நாம் எப்படி நம்புகிறோம்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், அவ்வளவுதான், அவருடைய வலியை நாம் தொட்டுப் பார்த்ததில்லை. மனிதருக்குக் காட்டும் இந்தத் தாராளத்தை இயந்திரத்துக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்டேன். பொய்க்கென்று தனியாக ஆறாம் அத்தியாயம். எதிராளியின் மனம் நோகக் கூடாதென்று சொல்லும் பொய்க்கு, எதிராளிக்கு ஒரு மனம் உண்டு என்ற எண்ணம் முதலில் வேண்டுமே! எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். பதினான்கு பக்கம், பதினொரு அடிக்குறிப்பு.

அறிக்கை கொடுக்க இரண்டு நாள் இருந்தது. நான் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். ஆறாவது மாடியில் யோசிப்பவன் என்றாலும் எனக்குத் தனி வண்டி கிடையாது, காலை ஷிஃப்ட்காரர்களின் கம்பெனி கேப்தான். ஒக்கலிபுரத்தில் ஒரு பெண் ஏறுவாள், இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும், மடியில் டிபன் டப்பா. எந்த மாடியில் என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. "குட் மார்னிங் சார்" என்பாள், நானும் சொல்வேன். அன்று மேம்பாலத்தில் வண்டி நகரவே இல்லை. எனக்கோ அறிக்கை முடிந்த பெருமை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எங்கள் இயந்திரம் ஒரு பெரியவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்ட கதையைச் சொல்லி, தன்னுணர்வு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து "ஹௌதா சார்?" என்று கன்னடத்தில் அப்படியாவென்று கேட்டுக்கொண்டே வந்தார். கட்டடத்தின் வாசலில் இறங்கியதும் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அது பாட் இல்ல சார். நான்."

"என்னம்மா நீ?"

"சாப்டீங்களான்னு கேட்டது நான்தான் சார். பாட் ரெண்டு தடவ தப்புப் பண்ணா எங்க ஃப்ளோருக்கு வந்துரும். மூணாவது மாடி. தமிழுக்கு நாங்க பதிமூணு பேர் இருக்கோம். அது பேர்லயே நாங்க டைப் பண்ணணும். மனுஷங்கன்னு தெரியக்கூடாது."

நீல நிற வரைபடத்தின் மூலையில் இருந்த சின்னப் பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் பதிமூன்று பேர் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பொய் சொன்னது?"

"இன்னா பொய் சார்?"

"சாப்பிட்டாச்சுன்னு."

"ஓ, அதுவா." சிரித்தாள். "அன்னிக்கு நான் சாப்டல சார். க்யூ ஜாஸ்தின்னு பிரேக் குடுக்கல. சாப்டலன்னா அவரு இன்னும் கஷ்டப்படுவாருல்ல?"

என் ஆறாம் அத்தியாயத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அவர்களுக்கு ஒரு கையேடு உண்டு. அதில் இருக்கும் வாக்கியங்களைத்தான் போட வேண்டும். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்', 'வேறு ஏதேனும் உதவி தேவையா?' இப்படி. சொந்தமாக ஒரு வரி எழுதினால் எச்சரிக்கை, சொந்த விஷயம் கேட்டால் வேலையே போய்விடும்.

"யாருக்கும் சொல்லிடாதீங்க சார். அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிருக்காங்க. வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன். ப்ளீஸ் சார்."

"சேச்சே, நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மேலே போய் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இயந்திரத்துக்கு மனம் உண்டு என்று பதினான்கு பக்கம் நிரூபித்திருக்கிறேன், அந்த மனம் மூன்று மாடி கீழே அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வகையில் என் வாதம் சரி. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது என்று நான் சொன்னது முழு உண்மை. இதை நினைத்துச் சிரிக்கத் தோன்றவில்லை. நாளைக்கு எவனாவது இதைக் கண்டுபிடித்தால் என் கதி என்ன என்ற பயம்தான் முதலில் வந்தது. மூன்றாவது மாடியில் டைப் அடிக்கும் ஒரு பெண்ணை இயந்திரம் என்று நினைத்து அதற்கு ஆன்மா வழங்கிய பேராசிரியர் என்று பெங்களூர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டு நாளில் முடிவுரையைத் திருப்பி எழுதினேன். உணர்வு இருப்பதாகச் சொல்ல இப்போதைக்குச் சான்று போதாது என்று பழைய நம்பிக்கைக்கே வந்து சேர்ந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருடம் மாணவர்களின் கட்டுரையில் 'ஆதாரம் எங்கே?' என்று சிவப்பு மையால் எழுதியவன் நான். அந்த ஒரு வாக்கியம் இயந்திரத்தினுடையது அல்ல என்றால் யாருடையது, எனக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வருமே. கை தானாகப் போய் பன்னிரண்டாவது அடிக்குறிப்பைச் சேர்த்தது. 'இவ்வாக்கியம் மனிதரால் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. மூன்றாம் மாடித் தமிழ்ப் பிரிவு ஊழியருடன் தனிப்பட்ட உரையாடல், நிறுவன வாகனம், ஒக்கலிபுரம் வழித்தடம், காலை.' பெயர் போடவில்லை. பெயர் போடாததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடிக்குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள் என்று அப்போது சொல்லிக்கொண்டேன், இன்றைக்கும் சில சமயம் சொல்லிப் பார்க்கிறேன். என் வாழ்நாளில் என் அடிக்குறிப்பை யாரும் படித்ததில்லை. என் மனைவி படித்ததில்லை. என் ஆய்வேட்டைத் திருத்தியவர்கள் படித்ததில்லை என்பதற்குச் சான்று உண்டு. அதில் ஒன்றில் ஒரு சமையல் குறிப்பைப் போட்டு வைத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் படிக்கமாட்டார்கள் என்றால் ஏன் எழுதினேன்? யாராவது படித்தால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

படித்தது மனிதர் இல்லை. பதினான்கு பக்கத்தை மேலாளர் எங்கே படிப்பார்? தன் இயந்திரத்திடம் கொடுத்து ஐந்து வரியில் சுருக்கித் தரச் சொன்னார். என்னுடைய பல்வலி, புரோகிதர், பொய்யைப் பற்றிய அத்தியாயம் எல்லாவற்றையும் அது தூக்கிப் போட்டுவிட்டு, முதல் வரியிலேயே எழுதியது: மூன்றாம் மாடித் தமிழ்ப் பிரிவில் ஒக்கலிபுரத்திலிருந்து வரும் ஓர் ஊழியர் விதியை மீறியிருக்கிறார். என் எழுத்தில் எது முக்கியம் என்று சரியாகக் கண்டுபிடித்த முதல் வாசகர் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கேப் ஒக்கலிபுரத்தில் நிற்காமல் போனது. லிஸ்டில் பெயர் இல்லை என்றார் ஓட்டுநர். நான் நேராக மேலாளரிடம் போனேன். அவருக்கும் முகம் சரியில்லை.

"அந்தப் பெட்டிக்குள்ள ஆளுங்க இருக்காங்கன்னு எனக்கே மறந்துபோச்சு சார். எனக்கு முன்னாடி இருந்த டீம் போட்ட ஏற்பாடு. கிளையன்ட் கிட்ட ஃபுல்லி ஆட்டோமேட்டிக்னு சொல்லியிருக்கோம்."

"மெஷின் கேட்டா கேக் வெட்டுறீங்க. அவ கேட்டா வேலைய விட்டு அனுப்புறீங்களா?"

"மெஷின் ரூலைத் தாண்டிப் போனா அது இன்னோவேஷன் சார். ஏஜென்ட் பொண்ணு தாண்டிப் போனா கம்ப்ளையன்ஸ் பிரச்சனை. நான் என்னங்க சார் பண்ணட்டும்? நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

இந்த இடத்தில் நான் ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. திங்கட்கிழமை அதே கேபில் ஏறினேன். ஆறு மாதத்துக்கு என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், அறிக்கை மிகவும் பயனுள்ளதாக இருந்ததாம்.

அவளை அனுப்பினார்களே தவிர அவள் வாக்கியத்தை அனுப்பவில்லை. அடுத்த மாதமே அதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அது எல்லோரையும் கேட்கிறது. காலை ஆறு மணிக்கு வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று எழுதுகிறவரையும், ஷாக் அடிக்கிறது சீக்கிரம் வாருங்கள் என்று பெரிய எழுத்தில் அலறுகிறவரையும், 'சாப்பிட்டீங்களா?' என்கிறது. நீ சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்டால், கண் இமைப்பதற்குள் 'ஆச்சுங்கய்யா' என்கிறது. பெண்கள் கேட்டாலும் அய்யாதான். இதற்கும் கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று ஓட்டுநர்தான் சொன்னார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில், முன்பக்கக் கவுன்டரில். எனக்குச் சர்க்கரை உண்டு, எங்கேயாவது போய் ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு ரத்தப் பரிசோதனையைச் சாக்காக எடுத்துக்கொண்டு போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அவரிடம் அவள், "இன்னாம்மா, வெறும் வயித்தோட வரச் சொன்னா டீ குடிச்சிட்டு வந்திருக்கியே! பரவால்ல, நாளைக்கு வா. இப்ப வூட்டுக்குப் போயி நல்லா சாப்டு மொதல்ல. தல சுத்துதா? உக்காரு, ஆட்டோ புடிச்சித் தரேன்" என்றாள். ஆட்டோ பிடிக்க வெளியே ஓர் ஆளையும் அனுப்பினாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வணக்கம் சார். ஃபாஸ்டிங்கா, சாப்பிட்ட பின்பா?"

"ஃபாஸ்டிங். அம்மா, அந்த அடிக்குறிப்பு... நான் வேணும்னு..."

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்."

அந்தக் குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை, ஓர் எழுத்துப் பிசகு இல்லை. ரசீதை என் பக்கம் நகர்த்தினாள். கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இயந்திரத்துக்குள் மனம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் நிபுணர். எவ்வளவு பார்த்தும் எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"வேறு ஏதேனும் உதவி தேவையா சார்?"

இல்லை, நன்றி என்றேன். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.